உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

நம் அங்கத்தினருள் பலர் வயலிலும் வரப்பிலும் வெறுங்காலுடன் நடப்பவர். குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை வெறுங்காலால் மிதிப்பவர். முள் தைப்பதும் கல் குத்துவதும் அவர்களுக்குப் புதிதன்று. சங்கக் கணக்கைப் பார்வையிடச் சென்ற ஓர் ஊரில், குதிகாலில் கறுத்த தடமுடைய விவசாய அங்கத்தினர் ஒருவரைக் கண்டோம். பழைய முள் தடம் என்று கருதிச் சுண்ணாம்பு தடவியே இரண்டு வருஷம் கழித்துவிட்டார். தொடையிடுக்கில் நெறி கட்டிய பின்னரே மருத்துவரிடம் சென்றார். அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். அந்த இரண்டு வருஷத்தின் விலை எத்துணை என்பதை விளக்கவே இதனை எழுதுகின்றோம்.

நம் தோலுக்குக் கருநிறம் தரும் அணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இந்நோய். கடும் வெயில் காயும் ஆஸ்திரேலியாவில் வெண்ணிறத்தாரிடையே இது மிகுதி. கருநிறத்தாருக்கு இது அரிது. ஆயினும் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகின்றது. இவ்வகைக்கு வெயில் முக்கிய காரணமன்று. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தடியில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1981-ல், 36-ஆம் வயதில், அவர் காலமானார்.

நோயாளி பிழைப்பது எதனைப் பொறுத்தது? முதலாவது, கட்டியின் ஆழம். தோலின் மேற்பரப்பிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் இறங்கியுள்ளது என்று அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் வகுத்தார். இன்றும் அதுவே முதல் அளவுகோல். இரண்டாவது, மேல்தோல் சிதைந்து புண்ணாகியிருத்தல். மூன்றாவது, நெறிக்கட்டிகளுக்கோ நுரையீரல், ஈரல், மூளை போன்ற உறுப்புகளுக்கோ பரவியிருத்தல். முதுமையும் ஓரளவு பாதகமே.

2017-ல் வெளியான மேல்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் பரவாமலும் இருந்தவருள், ஐந்தாண்டுக்குள் இந்நோயால் மாளாது தப்பியவர் நூற்றுக்கு 99 பேர். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிப் புண்ணும் ஆகி, ஆனால் பரவாமல் இருந்தவருள் 82 பேர். நெறிக்கட்டிகளில் மிகுதியாகப் பரவிய கடை நிலையினருள் 32 பேரே. மூன்று மில்லிமீட்டர் வேற்றுமை என்பது நம் நெசவாளர் கண்ணுக்கு அற்பமானதன்று!

முற்றிய நிலையிலும் இன்று நம்பிக்கை முற்றிலும் அற்றுவிடவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மீது ஏவும் மருந்துகளுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018-ல் நோபெல் பரிசு பெற்றனர். அத்தகைய இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்ற முற்றிய நோயாளிகளுள் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டின் பின்னும் உயிருடன் இருந்தனர் என்று 2024-ல் ஓர் ஆய்வு கூறிற்று. எனினும் உள்ளங்கால் வகைக்கு இம்மருந்துகளின் பயன் குறைவு. நமக்குச் சிறந்த மருந்து, காலத்தே கண்டுகொள்வதே.

எனவே சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பாருங்கள். குனிய இயலாத முதியோரின் காலை வீட்டிலுள்ளோர் பார்க்கட்டும். புதிதாகத் தோன்றியது, வளர்வது, ஓரம் ஒழுங்கற்றது, பல நிறம் கலந்தது, ஆறாத புண், ஒரே நகத்தில் அகன்று வரும் கருங்கோடு: இவற்றுள் எது காணினும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நகக்கோடுகளும் மச்சங்களும் பெரும்பாலும் தீங்கற்றவையே; ஆகையால் வீண் அச்சம் வேண்டா. ஆனால் சுரண்டுவதும், சுடுவதும், சுண்ணாம்பிடுவதும் கூடா.

தவணை தவறிய கடன் சிறிதாயிருக்கும்போதே வசூலித்தால் சங்கம் பிழைக்கும் என்பதை நாம் ஓயாது சொல்லி வருகின்றோம். உடலின் கணக்கும் அத்தகையதே. இச்செய்தியை அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுத்தறியாத அங்கத்தினருக்கும் படித்துக் காட்டுமாறு சங்கக் காரியதரிசிகளை வேண்டுகின்றோம்.