புள்ளலூர் மண்ணில் கிடக்கும் ஈயம்

காஞ்சிபுரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புள்ளலூர். நெல்வயலும் ஏரிக்கரையும் பனைமரமுமாக, இந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்தையும்போலத்தான் தெரியும். ஆனால் தென்னிந்தியாவின் தலைவிதியை மாற்றிய போர்கள் நடந்த மண் அது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடுகள் சொல்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் அந்தப் பகைவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, மைசூரின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியை முறியடித்ததும் இதே ஊரில்தான்.

அரசுப் பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம் இந்தப் போரை நான் விரிவாகவே சொல்வேன். பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தார்கள். பக்சாரில் வென்ற ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்தார். இரண்டு படைகளும் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் மைசூர்த் தரப்பின் கணக்கு. பெய்லியின் படையை வழியிலேயே மடக்கினார் திப்பு. பின்னால் ஹைதரின் முழுப்படையும் வந்து சூழ்ந்தது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட்டுகள்தான் காரணம் என்று பல நூல்கள் கூறும். பெய்லி சரணடைந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போய், 1782இல் அங்கேயே இறந்தார். சில மைல் தொலைவில் இருந்தும் உதவிக்கு வந்து சேராத மன்றோ, தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டே, 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படைக்கும் ஹைதருக்கும் அதே இடத்தில் மறுபடியும் போர் நடந்தது. அதில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இரண்டு புள்ளலூரில் இன்றும் நிற்கின்றன.

இதையெல்லாம் சிறுவயதிலேயே என்னிடம் கேட்டு வளர்ந்தவன் என் அக்கா மகன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவன், ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டரைத் திண்ணையில் பிரித்து வைத்தான். வெளிநாட்டில் வயல்வெளிகளில் ஆட்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, பழங்காசுகளைத் தோண்டி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறான். “மாமா, பொழுது சாயறதுக்குள்ள புள்ளலூர் போயிட்டு வந்துடலாமா? பீரங்கிக் குண்டு ஒண்ணாவது கிடைக்காதா?” என்றான். வண்டியில் போனோம். கருவியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நீண்ட கழியின் அடியில் ஒரு வட்டத் தட்டு. அதற்குள் செப்புக்கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரம் ஓடும். அது தரைக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டங்கள் சுழலத் தொடங்கும். அந்தச் சுழல் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றும். திரும்பி வரும் அலையில் எவ்வளவு தாமதம் என்பதை வைத்து இரும்பா, செம்பா, வெள்ளியா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். ஒரு காசை ஒரு சாண் ஆழம் வரை கண்டுபிடித்துவிடும். தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டின் உடலுக்குள் சிக்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட இப்படியொரு கருவியைச் செய்து பார்த்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேடப் பயன்பட்ட பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

உலோகம் இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கருவி பதில் சொல்லும். போர்க்களத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ஏரிக்கரையில் நடந்தபடி அவனிடம் இதைத்தான் சொன்னேன். ஆங்கிலேயச் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக்கு ஈயக்குண்டு. ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டம், பெரிய இலந்தைப்பழம் அளவு. ஈயம் துருப்பிடித்து உதிராது. மேலே வெள்ளைப் படலம் படிந்து அப்படியே கிடக்கும். சுடப்படாமல் கைதவறி விழுந்த குண்டு உருண்டையாகவே இருக்கும். சுடப்பட்டு எதிலாவது மோதியது நசுங்கியிருக்கும். உருண்டைக் குண்டுகள் ஒரே வரிசையில் கிடந்தால், அங்கே ஒரு படை நின்று அவசர அவசரமாகக் குண்டு போட்டுச் சுட்டது என்று பொருள். நசுங்கியவை கிடக்கும் இடம் எதிரி நின்ற இடம். பெய்லியின் படை கடைசியாக எங்கே வளையம் கட்டி நின்றது, வெடிமருந்து வண்டி எந்த இடத்தில் வெடித்தது என்பதையெல்லாம் குண்டுகள் கிடக்கும் ஒழுங்கு காட்டிக்கொடுக்கும். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், நம் கையில் ஒரு ஈயத்துண்டு மிஞ்சும். களத்திலிருந்து ஒரு சாட்சி போய்விடும்.

இது வெறும் ஆசைப் பேச்சில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற போர்க்களம் இருக்கிறது. 1876இல் கஸ்டரின் குதிரைப்படையைப் பூர்வகுடி வீரர்கள் அழித்த இடம். 1983இல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டது. மறு ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் பாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் இதே மெட்டல் டிடெக்டரோடு தன்னார்வலர்களை வரிசை வரிசையாக நடக்க விட்டார்கள். ஒலி கேட்ட இடத்திலெல்லாம் கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்த பிறகுதான் எடுத்தார்கள். தோட்டாக் கூட்டில் விழுந்த ஊசித் தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். கருவி ஒன்றுதான். அதைப் பிடித்த கையும் வைத்த கணக்கும் வேறு.

நாங்கள் கரையில் நின்று வயலைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். “நிலம் அளக்க வந்திருக்கீங்களா சார்?” என்று கேட்டார். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு நடக்கிற வட்டாரம் இது. அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. “இல்லைங்கய்யா, அந்தக் காலத்துச் சண்டையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்” என்றேன். அவர் முகம் தெளிந்தது. தூண்களுக்குப் போகும் வரப்பை அவரே காட்டினார். கருவியோடு போயிருந்தால் அந்த வரப்பைக் காட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பையனுக்கு மனசு ஆறவில்லை. அதனால் வீட்டிலேயே ஒரு பாடம் நடத்தினேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டில் தாத்தா நெய்த குழித்தறி இருந்தது. பிற்பாடு அப்பா குழியை மூடிச் சிமென்ட் பூசிவிட்டார். அந்தத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட ஏற்பாடு செய்திருந்தோம். கொத்தனார் சிமென்டை மட்டும் உடைத்துக் கொடுத்ததும், கருவியை அங்கே ஓட்டச் சொன்னேன். விடாமல் கத்தியது. ஆணி, கம்பி, குழியை மூடிய குப்பையில் கலந்திருந்த பளபளக் காகிதம் எல்லாம் காசுபோலவே ஒலித்தன. மண்வெட்டியை எடுக்க ஓடியவனை நிறுத்தி, கையில் கரணையைக் கொடுத்தேன். விரற்கடை அளவாக மண்ணைச் சீவிக்கொண்டே போகச் சொன்னேன்.

மேல் அடுக்கில், விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும் பத்துப் பைசா அலுமினியக் காசு கிடைத்தது. ஆண்டு 1972. அதற்குக் கீழே நாட்டு ஓட்டின் சில்லுகளும் செங்கல் பொடியும். அடியில், தறியின் மிதிகட்டையை மிதித்து மிதித்து இறுகிப்போன கருமண் தரை. அதன்மேல் ஒரு காலணா, 1919ஆம் ஆண்டுக் காசு. அதைச் சுற்றிப் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் நாலைந்து சிதறிக் கிடந்தன.

பத்துப் பைசா குழியை மூடிய மண்ணுக்குள் இருந்தது. ஆகவே குழி 1972க்கு முன் மூடப்படவில்லை. காலணா மிதிதரையிலேயே கிடந்தது. ஆகவே தறி ஓடிக்கொண்டிருந்த நாளில் யாரோ மடியிலிருந்து தவறவிட்டது. குழிக்குள் கால் வைத்து நெய்தவர் தாத்தா. வளையல் யாருடையது? குழி ஓரத்தில் உட்கார்ந்து பாட்டி நெசவுக்கான நூலைத் தார் சுற்றுவாள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு சேலையைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் முடிக்கிறார்கள், கூலி மட்டும் ஒருவர் கணக்கில் ஏறுகிறது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மைக்கு மண்ணுக்குள் இருந்த சாட்சி அந்த வளையல் துண்டுகள்தான். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா, வளையலுக்கு மெஷின் சத்தமே போடலையே” என்றான்.

நான் சொல்ல வந்தது அதுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாடே வியந்தது. அந்தக் கணக்கு இரும்பை அளந்து வந்ததில்லை. அதோடு ஒரே அடுக்கில் கிடந்த கரியைச் சோதித்து வந்தது. கீழடியிலும் அப்படித்தான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்ற காலத்தைச் சொன்னது. கரிக்கும் மணிக்கும் பானை ஓட்டுக்கும் இந்தக் கருவி ஒலிக்காது. ஒலியை மட்டும் நம்பித் தோண்டுகிறவன் காசை எடுத்துக்கொண்டு, அதன் வயதைச் சொல்லும் கரியை வாரி வெளியே கொட்டிவிடுவான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் உரிமமில்லாமல் தோண்டக் கூடாது. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மற்ற இடங்களில் தற்செயலாகக் கிடைப்பதற்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்டனையைக் கேள்விப்பட்ட அளவுக்குப் பங்கைப் பற்றி நம் மக்கள் கேள்விப்பட்டதில்லை.

அதனால் அரசின்மேல் வரும் அவநம்பிக்கை என்ன செய்யும் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயிலில் ஊர்மக்கள் திருப்பணி செய்தபோது, கருவறைப் படியின் அடியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. வருவாய்த் துறையினர் வந்து கேட்டதும் மக்கள் கொடுக்க மறுத்தார்கள். அது சாமி சொத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகே பொருள் அரசிடம் போனது. அந்த மக்கள் திருடர்கள் இல்லை. எடுத்துப் போனது ஊருக்குத் திரும்பாது என்ற அச்சம் அவர்களுக்கு. பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, ஊரார் அதை எப்போது பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தாலே பாதிப் பூசல் தீரும்.

முறையாகத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கர்நாடகத்தின் நகரா நல்ல சான்று. சிவமொக்கா மாவட்டத்து ஊர் அது. அங்கே ஒரு பாழுங்கிணற்றிலிருந்து 2018இல் திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் வெளிவந்தன. அந்த மாநிலத் தொல்லியல் துறையே தோண்டி எடுத்தது. புள்ளலூரில் பெய்லியின் படைமேல் பாய்ந்த ராக்கெட்டுகளின் வழிவந்தவை அவை. அவற்றின் முன்னோடிகள் ஏவப்பட்ட நம் களத்தில் என்ன கிடக்கிறது என்று நாமும் முறையாகத் தேட வேண்டும்.

வாசகர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. கடைக்கால் தோண்டும்போதோ, ஏரியில் வண்டல் எடுக்கும்போதோ ஏதாவது தட்டுப்பட்டால் கையை நிறுத்துங்கள். செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கிடந்தது கிடந்தபடியே படமெடுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், கூடவே என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லி, ரசீது கேட்டு வாங்குங்கள்.

அரசிடம் ஒரு கோரிக்கை. புள்ளலூர் வயல்கள் மனைப்பிரிவாக மாறுவதற்கு முன்னால், மாநிலத் தொல்லியல் துறை அங்கே ஒரு போர்க்கள ஆய்வு நடத்த வேண்டும். நிலத்துக்காரர்களின் சம்மதத்தோடு, அறுவடை முடிந்த கோடையில், உள்ளூர்க் கல்லூரி மாணவர்களை வரிசையாக நடக்க விட்டு, குண்டு கிடக்கும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் ஏற்றலாம். கருவி விலை இன்று பெரிய செலவில்லை. நடக்க ஆளும் இருக்கிறார்கள். என் அக்கா மகன் முதல் வரிசையில் நிற்கத் தயார். அவனுக்குப் பக்கத்தில் கொடியும் நோட்டுப் புத்தகமுமாக நடக்க நானும் தயார்.