இடது ஓரச் சந்தும் சைக்கிளும்

மெதுவாக ஊரும் வண்டிகளையும் நின்றுவிட்ட வண்டிகளையும் சைக்கிள்காரர்கள் இடது ஓரமாக முந்திச் செல்வது இந்திய நகரங்களில் அன்றாடக் காட்சி. ஹைதராபாத்தில் அமீர்பேட்டை, பஞ்சாகுட்டா, மெஹ்திபட்டினம் பக்கம் மாலை நேரத்தில் கார்களும் பஸ்களும் அடைத்து நிற்கும்போது, வண்டி வரிசைக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று அடி அகலத்தில் ஒரு சந்து மிஞ்சும். சைக்கிளுக்கு அது போதும். கேரியரில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு இரவு டியூட்டிக்குப் போகும் வாட்ச்மேன், கட்டட வேலை முடிந்து திரும்புகிறவர், ஃப்ளாஸ்க்கில் டீ விற்பவர், ஹெல்மெட் போட்டு கியர் சைக்கிளில் வரும் ஐ.டி. ஊழியர் என்று எல்லோரும் அதில்தான் போகிறார்கள். நெரிசலில் நிற்காமல் போய்ச் சேரலாம் என்பதுதான் சைக்கிளால் கிடைக்கும் பெரிய லாபம். அந்த லாபத்தைத் தரும் சந்திலேயே உயிருக்கு ஆபத்தும் இருக்கிறது. இறங்கும் பயணி, திறக்கும் கதவு, திரும்பும் பஸ் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான்.

சைக்கிள் இப்படி இடது ஓரமாக முந்துவதைப் பற்றி இந்தியச் சட்டம் நேராக எதுவும் சொல்வதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-வது பிரிவு, மோட்டார் வாகனங்களை எப்படி ஓட்ட வேண்டும் என்று விதிமுறை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதன்படி 1989-இல் வந்த சாலை விதிமுறைகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்தன. முன்னால் போகும் வண்டியை வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும் என்பது இரண்டிலும் பொதுவான விதி. அந்த வண்டி வலப்பக்கம் திரும்புவதற்காகச் சாலையின் நடுவுக்கு ஒதுங்கியிருந்தால் இடப்பக்கமாகக் கடக்கலாம். இவை மோட்டார் வாகனம் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. அதற்கு லைசென்ஸ் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, இன்சூரன்ஸும் கட்டாயம் இல்லை. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட பேட்டரி சைக்கிளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அதற்காக சைக்கிள்காரர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று பொருளில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மீது மோதும் சைக்கிளுக்கும் அது பொருந்தும். இன்னொன்றையும் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சைக்கிள்காரர் அடிபட்டு இழப்பீடு கேட்கும்போது, விபத்தில் அவருடைய கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் கண்டால் தொகையைக் குறைக்கலாம்.

காகிதத்தில் இப்படி என்றால், ஹைதராபாத்தின் சந்திப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. நகரத்தின் பல சிக்னல்களில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பலகை உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தாலும் இடப்பக்கம் திரும்புகிறவர்கள் நிற்காமல் போகலாம். மெதுவாகப் போகிறவர் சாலையின் இடது ஓரத்திலேயே போக வேண்டும் என்பது சிறு வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்தப் பாடத்தை நம்பி ஓரமாகவே வரும் சைக்கிள்காரர் நேராகப் போக வேண்டியவராக இருந்தால், சிக்னலுக்கு வந்ததும் தவறான இடத்தில் நிற்கிறார். அவர் நிற்பது ஃப்ரீ லெஃப்ட் வழியில். பின்னால் வரும் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஹாரன் அடித்து விரட்டும். ஒதுங்கலாம் என்றால் இடப்பக்கம் நடைபாதைக் கல், வலப்பக்கம் நிற்கும் கார்கள். பச்சை விழுந்து அவர் நேராக மிதிக்கும் அதே நொடியில் பின்னால் வரும் பஸ் இடப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தால், இருவரின் பாதையும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இடது ஓரத்தில் முந்துவதால் வரும் விபத்துகளில் மிகக் கொடியது இந்த வகைதான். அதில் சைக்கிள்காரர் எந்த விதியையும் மீறியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பஸ் திரும்புவதைச் சற்று நின்று பார்த்தால் ஏன் என்பது விளங்கும். நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது. அதைவிட உள்ளே தள்ளி வரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 6 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு பஸ்ஸின் முன்சக்கரம் 11 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி பின்சக்கரம் ஏறக்குறைய 9.2 மீட்டர் ஆரத்தில் வரும். அதாவது கிட்டத்தட்ட 1.8 மீட்டர் உள்ளே. சைக்கிள் ஹேண்டில்பாரின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். மூன்று சைக்கிள்கள் நிற்கக்கூடிய இடம் திரும்பி முடிவதற்குள் காணாமல் போகிறது. பஸ்ஸின் முன்பகுதி தன்னைத் தாண்டிப் போய்விட்டது, இனி பயமில்லை என்று சைக்கிள்காரர் மூச்சு விடும்போதுதான் பக்கவாட்டுத் தகடு அவர் தோளை உரசத் தொடங்குகிறது. ஒதுங்க இடமில்லாமல் கீழே விழுந்தால், அடுத்து வருவது பின்சக்கரம்.

டிரைவர் பார்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இந்தியாவில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். உயரமான இருக்கையிலிருந்து பார்க்கும்போது, இடது முன்கதவுக்குக் கீழேயும் அதன் பக்கவாட்டிலும் உள்ள பகுதி அவருக்கு ஜன்னலில் தெரியாது. கண்ணாடியிலும் ஓரளவுதான் தெரியும். பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் மகாலட்சுமி திட்டம் 2023 டிசம்பரில் தொடங்கியபின் தெலங்கானா அரசு பஸ்களில் கூட்டம் கூடியிருக்கிறது. படிக்கட்டு வரை ஆட்கள் நிற்கும் பஸ்ஸில் இடது கண்ணாடியைப் பார்ப்பதே பாடு. கச்சிபௌலி, கொண்டாப்பூர் பக்கம் ஓடும் தண்ணீர் டேங்கர்களிலும் கான்கிரீட் கலவை லாரிகளிலும் இந்தக் குருட்டுப் பகுதி இன்னும் பெரியது. லாரியின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே திறந்திருக்கும் பக்கத்தை மறைக்கும் தடுப்புக் கம்பி, விழுந்தவர் சக்கரத்தடிக்குப் போகாமல் காப்பதற்காகவே உள்ளது. வளைந்தும் கழன்றும் தொங்கும் கம்பி யாரையும் காக்காது.

சந்திப்புக்கு வெளியே ஆபத்து சிறியது, ஆனால் அடிக்கடி வருவது. பஸ் ஸ்டாப்பில் பஸ் ஓரம் கட்டாமல் நடுச்சாலையிலேயே நிற்கும்போது, இறங்குகிறவர்கள் கால் வைப்பது சைக்கிள் போகும் சந்தில். ஷேர் ஆட்டோ கை காட்டியவரைப் பார்த்ததும் ஓரத்துக்குப் பாயும். நெரிசலில் நிற்கும் டாக்ஸியிலிருந்து பயணி இடது கதவைத் திறந்து இறங்குவார். பின்னால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள், ஆபத்தை உணர ஒரு நொடி, பிரேக் பிடித்து நிற்கச் சில மீட்டர் என்று சேர்த்து ஏறத்தாழ 7 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 8 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் 3 மீட்டர் போதும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கும் பொய்க்கும். ஓரத்தில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருக்கிறதா, சாக்கடை மூடி இருக்கிறதா என்பது தெரியாது.

சாலையின் இடப்பக்கமாக வண்டி ஓட்டும் இன்னொரு நாடான பிரிட்டனில் இதற்கு வெளிப்படையான விடை உண்டு. 2022 ஜனவரி 29 அன்று திருத்தப்பட்ட அங்குள்ள நெடுஞ்சாலை விதித் தொகுப்பு, மெதுவாகப் போகும் அல்லது நிற்கும் வண்டிகளை சைக்கிள்காரர்கள் வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ கடக்கலாம் என்கிறது. ஆனால் எச்சரிக்கையுடன், முக்கியமாகச் சந்திப்புகளிலும் பெரிய வண்டிகளுக்கு அருகிலும். அதே தொகுப்பு, திரும்பும் வண்டி நேராகப் போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டக் கூடாது என்று டிரைவருக்கும் கடமை வைக்கிறது. அனுமதியும் பொறுப்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பது இந்திய விதிகளில் இல்லாத தெளிவு.

ஹைதராபாத் சாலையில் இதை எப்படிக் கைக்கொள்வது என்பதில் அனுபவமுள்ளவர்களின் பழக்கம் எளிமையானது. வண்டிகள் முழுதாக நிற்கும்போது மட்டும், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு கை விரல்களும் பிரேக்கில் இருக்க ஓரமாகப் போகலாம். வரிசை நகரத் தொடங்கியதும் முந்துவதை நிறுத்திவிட்டு, இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ், லாரி, டேங்கர் எதற்கும் பக்கவாட்டில் நிற்கவே கூடாது. ஒன்று முழுதாகப் பின்னால், அல்லது டிரைவர் முகம் தெரியும்படி முழுதாக முன்னால். இன்டிகேட்டர் போடவில்லை என்பதை நேராகப் போவதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃப்ரீ லெஃப்ட் உள்ள சிக்னலில் நேராகப் போகிறவர், சந்திப்புக்கு ஐம்பது மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, நேர்வரிசைக்கு மாறிவிடுவது நல்லது. ஹாரன் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

தனி ஆளின் ஜாக்கிரதை எட்டாத இடமும் உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களில் 4,800 பேருக்கு மேல் சைக்கிளில் சென்றவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரியத் தகடுகளையே கூரையாக வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. 4.5 மீட்டர் அகலம், கூரையிலிருந்து 16 மெகாவாட் மின்சாரம். நானக்ராம்குடாவிலிருந்து போலீஸ் அகாடமி பக்கம் ஒரு கிளை, நர்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை மற்றொன்று. நாட்டுக்கே புதிய முயற்சி, பாராட்ட வேண்டியது. ஆனால் அமீர்பேட்டையில் வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேனின் வழியில் அது வராது.

அவருடைய வழியில் தேவைப்படுவது செலவு குறைந்த வேலைகள். பிரிட்டனில் பல சிக்னல்களில் கார்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் சில மீட்டர் ஆழத்தில் சைக்கிளுக்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர் அங்கே, டிரைவரின் கண்ணெதிரே நிற்கிறார். ஃப்ரீ லெஃப்ட் வளைவின் ஆரத்தைக் குறைத்துக் கட்டினால் திரும்பும் வண்டி தானாகவே வேகம் குறைக்கும். அந்த வளைவுக்கும் நேர்வரிசைக்கும் நடுவே சைக்கிள் நிற்கும் அகலத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்கிப் பெயின்ட் அடித்தால், நேராகப் போகிறவர் பச்சை விழும்வரை யாருக்கும் வழிமறிக்காமல் அங்கே காத்திருக்கலாம்.