சட்டமன்றத்தில் லிங்கன்

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்க்குரிய கடமைகள் பல. தம் தொகுதி மக்களின் தேவையை எடுத்துரைத்தல் ஒன்று. மாநிலம் முழுவதற்கும் நலம் பயக்கும் சட்டங்களை ஆக்குதல் மற்றொன்று. இவ்விரண்டினும் அரியது, பலரும் ஒருமித்து ஏற்கும் கருத்து நீதியன்று எனத் தோன்றின், அதனை அஞ்சாது மறுத்துரைத்தல். இம்மூன்றையும் அமெரிக்க நாட்டு ஆபிரகாம் லிங்கனுடைய சட்டமன்ற வாழ்வில் காணலாம்.

லிங்கன் 1809ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்தார். அவர் பள்ளியிற் பயின்ற நாள்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. பின்னர் இல்லினாய் மாநிலத்திற் குடியேறிய அவர், 1832இல் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். ஆயினும், அவர் வாழ்ந்த நியூ சேலம் பகுதியிற் பதிவான சுமார் 300 வாக்குகளில் 277 அவர்க்கே கிடைத்தன. அருகிலிருந்து அறிந்தோர் அவரை நம்பினர். 1834இல் மீண்டும் நின்று வென்றார். தொடர்ந்து மும்முறை வென்று, எட்டாண்டுகள் உறுப்பினராய் விளங்கினார். அக்காலத்திலேயே சட்ட நூல்களைத் தாமே கற்று வழக்கறிஞருமானார்.

அந்நாளில் வண்டேலியா என்னும் ஊரே மாநிலத்தின் தலைநகராக இருந்தது. லிங்கனும் அவர் மாவட்டத்து உறுப்பினர் எண்மரும் ஒன்றுபட்டு முயன்றதனால், 1837இல் தம் மாவட்டத்து ஸ்பிரிங்பீல்டு நகரைத் தலைநகராகத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் அமைக்கும் பெருந்திட்டத்தையும் அவ்வாண்டில் லிங்கன் ஆதரித்தார். ஆனால், அவ்வாண்டே நாடெங்கும் பணமுடை தோன்றியது, திட்டம் முறிந்தது, மாநிலம் பெருங்கடனில் ஆழ்ந்தது. நன்னோக்கம் மட்டும் போதாது, வருவாயும் அறிந்து செயற்பட வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

அடிமை முறையை ஒழிக்க முயலும் சங்கங்களைக் கண்டித்தும், அம்முறை நிலவிய மாநிலங்களில் அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமையைப் போற்றியும் 1837 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. எழுபத்தெழுவர் ஏற்றனர், அறுவரே மறுத்தனர். அவ்வறுவருள் லிங்கன் ஒருவர். மறுத்து வாக்களித்ததனோடு அவர் அமையவில்லை. மார்ச் 3ஆம் நாள், டான் ஸ்டோன் என்னும் உறுப்பினரோடு சேர்ந்து, அடிமை முறை அநீதியையும் தவறான கொள்கையையும் அடிப்படையாகக் கொண்டது என எழுதிக் கையொப்பமிட்டு, மன்றத்தின் ஏட்டிற் பதியச் செய்தார். அம்முறையை உடனே ஒழிக்க வேண்டும் என அவர் அன்று கூறவில்லை. ஒழிப்புச் சங்கங்களின் போக்கையும் அவர் ஏற்கவில்லை. எனினும், அநீதியை அநீதி என்று சொல்லத் தயங்கவில்லை. அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தெட்டு.

1861இல் லிங்கன் குடியரசுத் தலைவரானார். 1863இல் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். அடிமை முறையை நாடெங்கும் ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1865இல் மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் அதனை முதன்முதலாக ஏற்ற மாநிலம் எது? முன்னர் அறுவர் மட்டுமே மறுத்து நின்ற இல்லினாயே!

மன்றத்தில் வாக்குகள் எண்ணப்படுகின்றன. காலமோ அவற்றின் நேர்மையை எடைபோடுகின்றது.