புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும்... தெரியுமா?

3 கோடியே 48 லட்சத்து 58 ஆயிரத்து 623 படங்கள்! 2018-19 புலிகள் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளின் 26,838 இடங்களில் கட்டிய தானியங்கி கேமராக்கள் எடுத்துத் தள்ளியவை இவை. உலகிலேயே மிகப் பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸிலும் ஏறிவிட்டது. அலசிய பரப்பு 1,21,337 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய முழுத் தமிழ்நாடு! ஆனால் புலி சிக்கிய படங்கள் 76,651 மட்டும்தான். மீதியில் மான், பன்றி, மேயப்போன மாடு, வெயிலில் சூடேறி ஆடிய புல்கூட உண்டு. சூடும் அசைவும் சேர்ந்து வந்தால் போதும், கேமரா விழித்துக்கொள்ளும்.

ஓர் இடத்துக்கு ஏன் இரண்டு கேமரா? இங்கேதான் அதிசயம்! புலியின் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. ஒரே கேமரா என்றால், இன்று இடப்பக்கமும் நாளை வலப்பக்கமும் காட்டிய ஒரே புலி இரண்டு புலியாகிவிடும். அதனால்தான் தடத்தின் இருபுறமும், முழங்கால் உயரத்தில், ஒன்றின் ஃபிளாஷ் இன்னொன்றின் கண்ணில் அடிக்காதபடி சற்றே தள்ளிக் கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் ஒருவர் புலியைப்போலக் குனிந்து தவழ்ந்து போவார். சின்ன விளக்கு மினுங்கினால் கேமரா சரி! யானை நடமாடும் காட்டில், அது பிய்த்தெறியாமல் இருக்க இரும்புக் கூடும் வேண்டும். இந்த உழைப்பைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

பிறகு கணினி வரிகளை ஒப்பிடும். அப்படித் தனித்தனியாக அடையாளம் கண்டவை, குட்டிகள் நீங்கலாக, 2,461 புலிகள். மயக்க ஊசி இல்லை, ஒரு புலியையும் தொடவில்லை!

முன்பெல்லாம் கால்தடத்தைப் பார்த்துத்தான் எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005-ல் தேடினால் ஒன்றுகூட இல்லை. அந்த அதிர்ச்சிதான் நாட்டை கேமராவின் பக்கம் திருப்பியது.

இத்தனைக்கும் யோசனை பழையது! 1920-களிலேயே இமயமலை அடிவாரத்தில் சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி தடத்தின் குறுக்கே கம்பி கட்டி வைத்தார். புலியின் கால் இடறும், ஃபிளாஷ் வெடிக்கும், படம் விழும்.

இன்னொன்று தெரியுமா? கடத்தல்காரரிடம் புலித்தோல் பிடிபட்டால், அதன் வரிகளைக் கணக்கெடுப்பின் படத் தொகுப்போடு ஒப்பிடுகிறார்கள். பொருந்திவிட்டால், அந்தப் புலி எந்தக் காட்டில் வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்!