அடங்காத பிள்ளையும் அக்கம்பக்கத்துக் கடைகளும்

நமது இதழில் வழக்கமாக எழுதப்படுவது வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, விலைவாசி ஆகியவை பற்றித்தான். இம்முறை பேரேட்டில் ஏறாத ஒரு பாரத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நம் வணிகக் குடும்பங்கள் சிலவற்றில் ஆண்டுக்கணக்காக இருந்துவந்தும் சங்கக் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இது.

சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. நாம் குறிப்பிடுவது அதையல்ல. ஏழு வயதாகியும் ஓரிடத்தில் இரண்டு நிமிடம் உட்கார முடியாத பையன். குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறி, தன் கையையே கடித்துக்கொள்ளும் குழந்தை. கோபம் வந்தால் தாயையும் தம்பியையும் அடித்து, கைக்குக் கிடைத்ததை உடைக்கும் சிறுவன். ஒன்பதாம் வகுப்பு வரை நன்றாகப் படித்துவிட்டு, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போக மறுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண். மருத்துவர்கள் இவற்றுக்கு ஆட்டிசம், கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றநோய் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தியமும் தனித்தனிதான். ஆனால் வீட்டுக்குள் நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

தகப்பனார் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்துக்குத்தான் ஷட்டரை இறக்குகிறார். பதினாறு மணி நேரமும் தாய் தனியாளாகப் பிள்ளையைச் சமாளிக்கிறாள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று மாமியார் சொல்ல, "ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போங்கள்" என்று நாத்தனார் சொல்ல, "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர் சொல்கிறார். முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவது நிற்கிறது. பிறகு கோயில் திருவிழா. பிறகு சொந்தக்காரர் வருகை. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில், கடைக்கு மேல்மாடியில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்றாகிவிடுகிறது. கடைசியில் வரும் கேள்வி, "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நாம் பதில் தேட விரும்புகிறோம். பழிக்க அல்ல. தூக்கமில்லாத தாய்தகப்பன் எவருக்கும் வரக்கூடிய எண்ணம் அது.

வைத்திய உலகில் இதற்கு நம் நாட்டிலேயே ஒரு மாற்றுவழி பிறந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் வரவழைத்து வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவது வழக்கமாயிற்று. அங்கே குழந்தைகளுக்கென்று இருக்கும் பிரிவிலும் பெற்றோர் பிள்ளையோடு தங்கி, எப்படிப் பேசுவது, எதற்கு விட்டுக்கொடுப்பது, எதற்கு விடக்கூடாது என்று பழகிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வரும் இடமாக இல்லாமல், பெற்றோர் தொழில் கற்கும் இடமாக அதை அமைத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே விடை கண்டவர்கள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி மாவட்டத்தார். வணிகர்களுக்குப் புரியும் விதமான கதை அது, சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அங்கே கட்டுக்கடங்காத நடத்தையும் மனச்சிக்கலும் உள்ள பிள்ளைகளை விடுதி மருத்துவமனைகளில் சேர்ப்பது 1990களின் நடுப்பகுதி வரை வழக்கம். எந்த நாளில் எண்ணினாலும் சராசரியாக 364 பிள்ளைகள் அப்படி விடுதிகளில் இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 டாலருக்கு மேல் செலவு. குழந்தை நலத்துறை ஒரு பக்கம், சிறுவர் நீதிமன்றத் துறை ஒரு பக்கம், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு பையிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை தேறிற்றா என்று மொத்தமாகப் பார்க்க ஒருவர் இல்லை. நான்கு பங்காளிகள் ஒரே வீட்டுக்கு நான்கு கடையில் தனித்தனிப் பற்று வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

1995-ல் இவற்றையெல்லாம் ஒரே நிதியாகச் சேர்த்து, பணம் விடுதிக்குப் போகாமல் பிள்ளையைத் தொடர்ந்து வீட்டுக்குப் போகும்படி மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஒரு சோதனை வைத்தார்கள். விடுதியிலிருந்து எப்போது வெளியே வருவார்கள் என்ற திட்டமே இல்லாத 25 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். 90 நாளில் அவர்களில் 17 பேர் வீட்டிலோ ஊருக்குள் வேறு குடும்பச் சூழலிலோ வாழத் தொடங்கிவிட்டார்கள்.

எப்படிச் செய்தார்கள்? குடும்பத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். ஒருவருக்கு எட்டுக் குடும்பத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அவர் வீட்டுக்கு வந்து பிள்ளையின் குறைகளோடு, அவனுக்கு எது நன்றாக வரும், குடும்பத்துக்குக் கைகொடுக்கக்கூடியவர் யார் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்வார். சித்தப்பா, பக்கத்து வீட்டு அம்மாள், விளையாட்டுப் பயிற்சியாளர், தேவாலயத்துப் பெரியவர் என்று பெற்றோர் சொல்லுகிறவர்களெல்லாம் வைத்தியரோடு சேர்ந்து ஒரு குழுவாக உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். தாய் சில மணி நேரம் ஓய்வெடுக்க மாற்று ஆள், பள்ளிக்குப் போய்வர வண்டி, நள்ளிரவில் பிள்ளை மூர்க்கமானால் கூப்பிட ஒரு குழு, இவையெல்லாம் அந்தத் திட்டத்தில் அடங்கும். சில ஆண்டுகளில் விடுதியில் இருப்போர் எண்ணிக்கை 364-லிருந்து 140 ஆகக் குறைந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் செலவு மாதம் சராசரி 3,300 டாலர்தான் ஆயிற்று. 2009-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரசு நிர்வாகப் புதுமை விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இதே முறையைப் பின்பற்றிய எல்லா ஊரிலும் இதே அளவு பலன் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. செய்யும் விதத்தைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் இருக்கிறது.

அந்தப் பணம் நம்மிடம் இல்லை. ஒருங்கிணைப்பாளரும் இல்லை. ஆனால் அவர்கள் சம்பளம் கொடுத்துத் தேடிப்பிடித்த ஒன்று நம்மிடம் விலையில்லாமல் கிடக்கிறது. காலை முதல் இரவு வரை ஒரே தெருவில், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

மளிகைக் கடைக்கு இப்படிப்பட்ட பிள்ளையோடு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை துவரம்பருப்பு மூட்டைக்குள் கையை விடும். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்கும். மாவு மில் ஓடினால் தரையில் விழுந்து புரளும். கடையில் நிற்கும் பத்துப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவர்களில் ஒருவர் செல்போனை எடுப்பார். அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவர் செய்யக்கூடியவை சில. படம் எடுப்பவரை நிறுத்தச் சொல்லலாம். கூட்டத்தை விலக்கி, மில்லை ஒரு நிமிடம் நிறுத்தலாம். ரோட்டுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளும்படி கடைப்பையனை வாசலில் நிறுத்தலாம். கிழிந்த பாக்கெட்டைச் சிட்டையில் எழுதிக்கொண்டு பிறகு கேட்டுக்கொள்ளலாம். பிள்ளையை அதட்டுவதும் தாய்க்குப் புத்தி சொல்வதும் மட்டும் வேண்டாம். புத்தி சொல்ல ஏற்கெனவே அவளுக்கு ஆட்கள் அதிகம்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நம் கடைகளில் ஈ ஓட்டுகிற நேரம். "அந்த நேரத்துக்கு வாருங்கள் அம்மா, நிதானமாகப் பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டியலைப் போனில் வாங்கிக்கொண்டு சாமானை வீட்டுக்கு அனுப்புவது சுலபம்தான், ஆனால் அதையே பழக்கமாக்கினால் அவள் வெளியே வரும் ஒரே இடமும் அடைபட்டுப்போகும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் திடீரென்று வீட்டைவிட்டு நடந்துபோய்விடுவார்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. தெருமுனை டீக்கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துப் பழக்கடை வரை, பெற்றோர் சம்மதத்தோடு, ஐந்தாறு பேரிடம் பிள்ளையின் பெயரும் தகப்பனார் போன் நம்பரும் இருந்தால் அவன் மெயின் ரோட்டைத் தாண்டுவதற்குள் யாராவது கையைப் பிடித்துவிடுவார்கள். எந்த மருத்துவமனையாலும் செய்ய முடியாத காரியம் இது. பதினெட்டு வயது நிறைந்த பின் எடை போட்டு பாக்கெட் கட்டுவது, லேபிள் ஒட்டுவது போன்ற, ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் இவர்களில் சிலர் நம் பழைய ஆட்களைவிடப் பிசகில்லாமல் செய்வார்கள். அதற்குக் கூலியும் மற்றவர்களுக்குக் கொடுப்பதையே கொடுக்க வேண்டும்.

இனி அரசாங்கத்து வாசல்கள். பள்ளிச் சிறார் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான் போகின்றன. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிப்பதால் அந்தக் குழுவின் கண்ணில் படுவதேயில்லை. ஆகவே நாமேதான் போகவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எது என்று கேளுங்கள். மனநலப் பிரிவும் அங்கே உண்டு. மூன்று வயதில் போவதும் எட்டு வயதில் போவதும் ஒன்றல்ல.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் சேர்க்கப்பட்டுள்ளன. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், நெடுநாளாக 80டிடி என்று நாம் அறிந்த வருமான வரிக் கழிவு 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இது பொருந்தும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளிட்ட நான்கு வகையினருக்கு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அதே வகையினருக்குப் பதினெட்டு வயதான பின் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். கடையையும் வீட்டையும் பிள்ளைகள் பேரில் எழுதிவைக்க நினைப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நமக்குப் பின் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்ற வாய்ப்பேச்சு பத்திரப்பதிவு அலுவலகத்தில் செல்லாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மனநோய் உள்ள ஒருவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவசரத்துக்கு 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சங்கச் செயற்குழுவுக்கு நாம் வைக்கும் யோசனை சிறியது. மாதம் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டட மாடியை இத்தகைய பெற்றோருக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். மேடை, மாலை, தீர்மானம் எதுவும் வேண்டாம். தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், தகப்பன்மார்களும் வரட்டும். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அன்று ஒலிபெருக்கி போடாமல், படிக்கட்டுக் கதவைத் தாழிட்டுவைக்க வாட்ச்மேனுக்குச் சொல்லிவிட்டால் போதும். சம்மதம் உள்ளவர்கள் செயலாளரிடம் நேரில் தெரிவிக்கலாம், அவர் பெயரைப் பதிவேட்டில் எழுத மாட்டார்.