டைல்ஸ் இடுக்கில் பூக்கும் உப்பு

முத்துச் சிப்பி ஒன்றின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். எனினும் சிப்பி ஓடுகளைக் கல்லூரி விலங்கியல் கூடங்களில் இன்றும் காணலாம். பளபளக்கும் அந்த உட்புறம் உண்மையில் ஓடு பதித்த ஒரு தளமே ஆகும். அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட்டுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் கனத்தில், வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. அவற்றின் இடுக்குகளில் புரதம் கலந்த மெல்லிய பசை. வாழ்நாளெல்லாம் உப்புநீரில் கிடந்தும் இந்த இடுக்குகள் பொரிவதில்லை.

நம் வீட்டுத் தரையோ அப்படியல்ல. கடற்கரை ஊர்களில் டைல்ஸ் பதித்துச் சில ஆண்டுகளில் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பின்னர் அடைத்த சிமெண்டு நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. “சீலர் ஒரு கை அடித்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்று கடையில் சொல்வார்கள். சில இடங்களில் சரியாகும். சில இடங்களில் அடித்த பிறகுதான் தரை விரைவாகக் கெடும். ஏன் என்பதை அறியப் பத்தாம் வகுப்புக்கு மேல் நீங்கள் படித்த பரப்பு இழுவிசைப் பாடமே போதும்.

நீர் எப்படி ஏறுகிறது?

சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீர், அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். கலவை எளிதாக இழைய வேண்டுமென்று கொத்தனார் அதைவிட அதிகமாகவே ஊற்றுவார். மிகுதி நீர் உலர்ந்து போகும்போது, அது இருந்த இடம் நுண்புழைகளாக நின்றுவிடுகிறது. 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 1.5 செ.மீ. ஏறும். ஏறும் உயரம் ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 0.01 மி.மீ. ஆரமுள்ள புழையில் அதுவே 1.5 மீட்டர் ஆகிறது! தரைக்கு அடியில் ஈரம் இருந்தால் அது மேலே வருவதில் வியப்பில்லை.

இந்த ஏற்றம் சேர்கோணத்தையும் பொறுத்தது. தூய கண்ணாடியில் நீரின் சேர்கோணம் சுழிக்கு அருகில். நீர் பரவி நனைக்கிறது. மெழுகின் மேல் அது 90 பாகையைத் தாண்டுகிறது. நீர் முத்து முத்தாய் நிற்கிறது. கோணம் 90-க்கு மேல் போனால் அதன் கொசைன் எதிர்க்குறி பெறும். அதாவது, புழை நீரை இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளும்.

சைலேன், சைலாக்சேன் வகைச் சீலர்கள் செய்வது இதைத்தான். இவை உள்ளே ஊடுருவிப் புழைச் சுவரோடு வேதிப் பிணைப்புக் கொண்டு, அதை மெழுகு போன்ற பரப்பாக மாற்றுகின்றன. புழை அடைபடுவதில்லை, நீர் நுழையாது, நீராவி மட்டும் போய்வரும். அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகள் வேறு. அவை மேலே ஒரு படலமாகப் படிந்து வாயையே மூடிவிடுகின்றன. பளபளப்பு வேண்டுவோர் இவற்றை விரும்புகின்றனர். வெயிலும் ஈரமும் படும் மொட்டை மாடிக்கு இவற்றை நான் சொல்லமாட்டேன். படலம் உரிந்து வரும்.

உப்பு செய்யும் வேலை

இனிதான் கடற்கரையின் தனிச் சிக்கல் வருகிறது. நீர் ஆவியாகலாம், அதில் கரைந்துள்ள உப்பு ஆவியாகாது. எந்த இடத்தில் நீர் ஆவியாகிறதோ அந்த இடத்தில் உப்பு படிகமாகும். தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் நடப்பதும் இதுவே. ஆவியாதல் இடுக்கின் மேற்பரப்பில் நடந்தால் வெள்ளைப் பூப்பு. பார்க்க அழகில்லை, துடைப்பத்தால் பெருக்கித் தள்ளலாம். ஆனால் மேலே சீலர் அடித்த அடுக்கு இருந்து, ஈரம் அடியிலிருந்து வந்தால்? உப்பு அந்த அடுக்குக்குக் கீழே தங்குகிறது. அங்கே வளரும் படிகங்கள் புழைச் சுவரை நெருக்கி, அடுக்கையே பெயர்த்துத் தள்ளும். நீராவியை விடும் ஊடுருவும் சீலரும் இதற்கு விலக்கன்று. ஆவிதான் வெளியேறும், உப்பு பின்தங்கிவிடும்.

இது ஒருமுறையோடு நிற்பதும் இல்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை ஈர்த்துக் கரையும்; குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடற்கரையில் இரவும் பகலும் மாறி மாறி இந்த எல்லையைக் கடக்கும் நாட்கள் பல. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நசநசப்பதற்குக் காரணமும் அதுவே.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு செங்கல் துண்டுகளில் ஒன்றின் மேற்புறத்தில் மட்டும் நகப்பூச்சு அடித்து, இரண்டையும் அடர்ந்த உப்புக் கரைசலில் பாதி மூழ்க நிறுத்துங்கள். சில நாட்களில் பூசாத கல்லின் தலையில் உப்புப் பூக்கும். மற்றதில் பூச்சு முடியும் விளிம்பையும் பக்கங்களையும் உற்றுப் பாருங்கள்.

ஆகவே சீலர் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே. முழ அகலப் பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். அடியில் நீர்த்துளி கண்டால் ஈரம் கீழிருந்து வருகிறது. அங்கே எந்தச் சீலரும் அடிக்காதீர்கள். முதலில் ஈரத்தைத் தடுக்கும் வழியைத்தான் பார்க்கவேண்டும். மாடிக் குளியலறைச் சுவர்போல் நீர் முன்பக்கமிருந்து மட்டும் படும் இடத்தில் ஊடுருவும் சீலர் நன்றாக உழைக்கும். பழைய தூத்துக்குடி வீடுகளில் பவளக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்கள் உண்டு. (பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் அவற்றை இன்று வெட்ட முடியாது.) அச்சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சே தக்கது, அது தன்வழியே ஈரத்தை வெளிவிடும்.

இனி அடிக்கும் முறை. மெருகிட்ட டைல்ஸ் முகத்திற்கும், அரை விழுக்காட்டுக்கும் குறைவாக நீர் உறிஞ்சும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் சீலர் வீண் செலவு. இடுக்குக்கு மட்டும் போதும். ஆத்தங்குடிக் கல் போன்ற சிமெண்டுத் தளங்களும் கடப்பைக் கல்லும் நீர் குடிப்பவை. அவற்றை முழுவதுமே நனைக்கலாம். இடுக்கில் எபாக்சி அடைத்திருந்தால் சீலர் தேவையே இல்லை.

புதிய சிமெண்டு இடுக்கு நன்றாக இறுகிக் காயட்டும். எத்தனை நாள் என்பது டப்பாவில் போட்டிருக்கும். பழைய இடுக்கை ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைப்பதைப் பாருங்கள். இடுக்கிலுள்ள சுண்ணாம்புப் பொருளும் அவ்வாறே கரையும். மிதமான சோப்பும் நல்ல நீரும் போதும். நல்ல நீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரால் அலசுங்கள். உவர்ப்பான ஆழ்குழாய் நீரால் அலசினால், வெளியேற்ற வேண்டிய உப்பை உள்ளே ஏற்றியவர் ஆவீர்கள்.

பிறகு ஓரிரு நாள் உலரவிட்டு, சிறு தூரிகையால் இடுக்கு குடிக்குமளவு தடவுங்கள். சில நிமிடங்களில் டைல்ஸ் மேல் எஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விட்டால் பிசுக்காகக் காய்ந்து மங்கும். கரைப்பான் கலந்த வகையானால் சன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. மறுநாள் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் சேர்கோணம் மாறிவிட்டது. பரவி, இடுக்கு கறுத்தால் இன்னொரு கை தேவை. இதே துளிச் சோதனையை ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் புரட்டாசியில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.