அம்பத்தூருக்கும் சான் அந்தோனியோவுக்கும் நடுவே ஓர் ஆறு, ஓர் ஏரி

அம்பத்தூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத சொந்தங்கள் கடல் தாண்டி இருக்கின்றன. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தபோது, சென்னையின் சகோதர நகரங்கள் நமக்கும் உறவாகிவிட்டன. ரஷ்யாவின் வோல்கோகிராட் 1960-களிலேயே வந்த உறவு. அமெரிக்காவின் டென்வர் 1984-இலும் சான் அந்தோனியோ 2008-இலும் சேர்ந்தன.

மேயர்கள் கையெழுத்துப் போட்டதோடு இந்த உறவு முடிந்துவிடக் கூடாது. ஸ்டாலின்கிராட் என்ற பெயரில் போரில் சிதைந்த நகரம்தான் வோல்கோகிராட். 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் நொறுங்கிய இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரப் பெண்களுக்கு அந்த வலி புரிந்தது. 830 பெண்கள் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டார்கள். ஒரே மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களைப் பூத்தையலாகத் தைத்து ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944-இல் இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன. ஊசியும் நூலும் முன்னே போக, அரசாங்க முத்திரை பின்னால் வந்தது.

அம்பத்தூர் எந்த நூலை எடுக்கலாம்? தண்ணீரை எடுக்கலாம். சான் அந்தோனியோவில் 1921 வெள்ளம் ஐம்பது பேர் வரை பலிகொண்டது. நகரின் நடுவே ஓடும் ஆற்றை என்ன செய்வது என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1929-இல் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஹக்மன், கரையோர நடைபாதைத் திட்டத்தை முன்வைத்தார். இன்று அந்த ஆற்றங்கரைதான் நகரத்தின் முகம். தெற்கே கால்வாயாகக் குறுகிக் கிடந்த பகுதியையும் 2013-க்குள் இயற்கை ஆறாக மீட்டெடுத்தார்கள்.

இங்கே கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து, ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கத்தினர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராடியிருக்கிறார்கள். அவர்கள் பேச வேண்டிய ஆட்கள் சான் அந்தோனியோவில் இருக்கிறார்கள். வெள்ளத்தை எப்படித் தடுத்தீர்கள், பணம் எங்கிருந்து வந்தது, கரையை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்கலாம். மழைநீரை ஏரியில் சேமித்த நம் முன்னோர் அறிவை அவர்களுக்குச் சொல்லலாம். இரு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் நீரின் தரத்தைச் சோதித்து, முடிவுகளை மாதாமாதம் பரிமாறிக்கொள்ளலாம்.

இதற்கு விமானச் சீட்டு வேண்டாம். ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த வார்டு கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டால் போதும்.